தெங்காவா, பொங்கோலா, உட்லண்ட்ஸா, ஜோகூரா: "வரப்போகுது" என்ற ரயிலை நம்பி வீடு பார்ப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் வீட்டு ஏஜென்ட்டிடம் "எம்ஆர்டி பக்கமா?", அதாவது ரயில் நிலையம் கிட்டவா என்று கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "நடந்தே போயிடலாம்" என்பது ஒன்று. "வரப்போகுது" என்பது மற்றொன்று. இந்த "வரப்போகுது"க்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற கேள்வி சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேடுவது என் அக்கா மகளும் மாப்பிள்ளையும். அவள் சிங்கப்பூர்க் குடிமகள். நகர மையத்தில் தோபி காட் பக்கம் அலுவலக வேலை. அவர் ஜோகூர்க்காரர், இங்கே நிரந்தரவாசி; தீவின் மேற்கு நுனியான துவாஸில் தொழிற்சாலை வேலை. அவருடைய அப்பா அம்மா இன்னும் ஜோகூரின் ஸ்கூடாயில்தான் இருக்கிறார்கள். இருவரிடமும் கார் கிடையாது. கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டுவிட்டுப் போகிற காலத்தில் வாங்கும் எண்ணமும் இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊரைக் கைகாட்டினார்கள். நான்கு ஊர்கள் மிஞ்சின: சிங்கப்பூருக்குள் தெங்கா, பொங்கோல், உட்லண்ட்ஸ்; எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாரு. அவற்றைப் பற்றி நான் அவர்களுக்குச் சொன்னதை, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெங்கா, ஏனென்றால் மாப்பிள்ளையின் மனம் அங்கேதான் இருக்கிறது. "மாமா, அங்க காத்தே வேற மாதிரி இருக்கு" என்கிறார். பொய்யில்லை. பழைய செங்கல் சூளைகளும் ராணுவப் பயிற்சி நிலமும் இருந்த சுமார் 700 ஹெக்டரில், ஏறத்தாழ பீஷான் அளவுக்கு எழுந்து வரும் ஊர் அது. பொங்கோலுக்குப் பிறகு இருபது ஆண்டு இடைவெளி விட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கிய முதல் புதிய நகர். மொத்தம் 42,000 வீடுகள். ஊரில் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காட்டுத் தடம். நகர மையத்தில் கார்கள் தரைக்கு அடியில் போகும், மேலே ஆட்கள் நடப்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

முதல் வீடுகள் 2018 நவம்பரில் பிடிஓ விற்பனைக்கு, அதாவது கட்டும் முன்பே பதிவு செய்து வாங்கும் கழக வீடுகளாக, வந்தன. 2023-இல் ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். அந்த ஜூலையில் புக்கிட் பாத்தோக் பேருந்து நிலையத்தோடு ஊரை இணைக்கும் 992 வந்தது. அதுதான் அவர்களுக்கு வந்த முதல் பேருந்து. பிறகு மற்ற எண்களும் சேர்ந்தன. புதிய பேட்டைகளுக்குப் பேருந்துச் சேவையைக் கூட்ட எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024-இல் அரசாங்கம் அறிவித்ததில் தெங்காவுக்கும் பங்கு உண்டு. ஆகவே "பேருந்தே இல்லை" என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் பேருந்து எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். அது உங்களை இன்னோர் ஊரின் ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். பயணத்தின் முதல் பாதி மழைக்கும், போக்குவரத்து விளக்குக்கும், கதவை மூட முடியாமல் திணறும் வண்டிக்கும் கட்டுப்பட்டது.

தெங்காவுக்கு வரப்போவது ஜூரோங் வட்டார ரயில் பாதை. 24 நிலையங்கள், மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தை முதலில் 2026 என்றார்கள், பெருந்தொற்றுக்குப் பிறகு 2027-க்குத் தள்ளினார்கள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாலும் நான் வியக்க மாட்டேன். இதில் வீடு வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விவரம் இருக்கிறது. தெங்காவுக்குள் நான்கு நிலையங்கள் வருகின்றன. அவற்றில் தெங்கா, ஹோங் கா இரண்டும்தான் முதல் கட்டம். தெங்கா பிளான்டேஷனும் தெங்கா பார்க்கும் ஜூரோங் ஈஸ்ட் நோக்கிப் போகும் கிளையில் உள்ளவை, இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தவை. அதாவது முதல் கட்டத்துக்கு ஓராண்டு பின்னால் வருமாறு திட்டமிட்டவை. முதல் பிடிஓ வீடுகள் விற்கப்பட்டது பிளான்டேஷன் வட்டாரத்தில்தான். முதலில் குடிவந்தவர்களின் வாசலுக்கு ரயில் பிந்தி வருகிறது. ஒரே ஊர், ஒரே "வரப்போகுது", ஆனால் எந்த புளோக் என்பதைப் பொறுத்து ஆண்டு மாறுகிறது.

இன்னொன்று, இதைவிட முக்கியம்: அந்த ரயில் நகரத்துக்குப் போகாது. சுவா சூ காங், பூன் லே, ஜூரோங் ஈஸ்ட் மூன்று இடங்களில் பழைய பாதைகளைத் தொட்டுவிட்டு மேற்கிலேயே சுற்றும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஜூரோங்கின் தொழிற்பேட்டைகள், ஜூரோங் ஏரி வட்டாரம் ஆகியவற்றுக்கு ஆள் கொண்டுபோகப் போட்ட பாதை அது. பெட்டிகளும் மூன்றுதான். மாப்பிள்ளைக்கு அது வரம்: பூன் லே போய் மாறினால் துவாஸ். பெண்ணுக்கோ ரயில் வந்த பிறகும் ஜூரோங் ஈஸ்ட்டில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி ஏற வேண்டியதுதான்.

நம்மவர்கள் ஊரை அளக்க ஒரு தனி அளவுகோல் வைத்திருக்கிறோம்: ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கு எவ்வளவு நேரம்? தெங்காவிலிருந்து இன்று 992-இல் புக்கிட் பாத்தோக், ரயிலேறி ஜூரோங் ஈஸ்ட், மாறி அவுட்ரம் பார்க், மறுபடி மாறி லிட்டில் இந்தியா. திரும்பும்போது கையில் மீன் பை, முருங்கைக்காய்க் கட்டு, மல்லிகைப் பூ. அந்தப் பையோடு மூன்று முறை மாறிப் பார்த்தவர்களுக்குத்தான் மாறுவது என்றால் என்ன என்று தெரியும்.

சட்ட விவரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால், தெங்காவில் இப்போதைக்கு புதிதாக விற்பதைத்தான் வாங்கலாம். முதலில் சாவி வாங்கியவர்கள் ஐந்தாண்டு குடியிருந்த பிறகுதான் விற்க முடியும், ஆக மறுவிற்பனை 2028-இல்தான் தொடங்கும். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் பிடிஓ கிடையாது, தெங்கா அதுவரை உங்கள் பட்டியலிலேயே இல்லை. ஒருவர் குடிமகனாக இருந்தால் வாங்கலாம், 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும். மற்றவர் பிறகு குடியுரிமை பெற்றால் அதைத் திரும்பக் கேட்கலாம்.

பொங்கோலைப் பற்றிப் பேசினால் தெங்காவின் எதிர்காலத்தைப் பற்றியும் பேசியதாகும். "வரப்போகுது"வை முழுசாக வாழ்ந்து பார்த்த ஊர் அது. 1996-இல் பிரதமர் கோ சோக் டோங் 'பொங்கோல் 21' என்று கனவை விரித்தார். அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்து வீடு கட்டும் வேகம் படுத்துவிட்டது. ஆனால் ரயில் நின்றுவிடவில்லை. வடகிழக்குப் பாதை 2003 ஜூனில் ஓடத் தொடங்கியபோது பொங்கோல் நிலையம் திறந்தது. சுற்றிலும் வெறும் புல்வெளி. தெங்காவில் ஆள் வந்து ரயில் வரவில்லை, பொங்கோலில் ரயில் வந்து ஆள் வரவில்லை.

அதே பாதையில் புவாங்கோக் நிலையத்தைக் கட்டி முடித்தும், ஆள் போதாது என்று மூடியே வைத்திருந்தார்கள். 2005-இல் யாரோ அட்டையில் வெள்ளை யானைகள் செய்து அந்த நிலையத்துக்கு வெளியே நட்டுவைத்தார்கள். வெள்ளை யானை என்றால் பயனில்லாத பெருஞ்செலவு என்று பொருள்; காவல்துறை விசாரணை வரை போன விவகாரம். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. ஊருக்குள் வளையமாகச் சுற்றும் சின்ன ரயிலான பொங்கோல் எல்ஆர்டியின் கிழக்கு வளையம் 2005-இல் ஓடத் தொடங்க, மேற்கு வளையம் தூண்களோடு தயாராக நின்றபடியே 2014 வரை காத்திருந்தது. அந்த வளையத்தின் கடைசி நிலையமான தெக் லீ திறந்தது 2024 ஆகஸ்ட்டில். குழந்தை பிறந்தபோது பார்த்த மூடிய நிலையத்துக்குள், அந்தக் குழந்தை தேசிய சேவைக்குப் போகும் வயதில்தான் கால் வைக்க முடிந்திருக்கிறது.

காத்திருப்பு முடிந்தவர்களுக்குக் கிடைத்தது சின்னதல்ல. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்து பாதை கடலோரம் வரை நீண்டது. மின்னிலக்க வட்டாரம் வந்திருக்கிறது, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் வந்திருக்கிறது. 2032-இல் குறுக்குத் தீவுப் பாதையின் கிளை பொங்கோலையும் பாசிர் ரிஸ்ஸையும் இணைக்க வேண்டும் (அதுவும் "வரப்போகுது"தான், அதற்கு நான் ஒரு காசும் கொடுக்க மாட்டேன்). தேக்கா அளவுகோலில் பொங்கோலை அடிக்க ஆளில்லை: ஏறினால் இறங்க வேண்டியது லிட்டில் இந்தியாவில்தான். தோபி காட்டும் அதே பாதை. அக்கா மகளுக்கு மாறவே வேண்டாம்.

குறை எங்கே என்றால், வீட்டிலிருந்து பொங்கோல் நிலையத்துக்கு வரும் அந்தக் கடைசித் துண்டில். காலை ஏழரைக்கு எல்ஆர்டி மேடையில் நின்று பாருங்கள். சின்ன வண்டி வந்து நிற்கும். கதவருகே இருப்பவர்கள் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பார்கள். தள்ளுவண்டியோடு நிற்கும் தாய் "அடுத்ததுல போறேன்" என்று பின்வாங்குவாள், அடுத்ததும் அப்படியே வரும். 2025 ஜூலையிலிருந்து புதிய இரட்டைப் பெட்டி வண்டிகள் வரத் தொடங்கியதால் நிலைமை மெல்ல இளகுகிறது. ஆனால் எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. 2025 ஆகஸ்ட் 12 அன்று மின்கோளாறு வந்தபோது வடகிழக்குப் பாதையும் எல்ஆர்டியும் ஒருசேரத் தடுமாறின. அன்று பொங்கோல்வாசிக்கு மாற்று வழி பேருந்து வரிசைதான்.

மாப்பிள்ளைக்கோ பொங்கோல் கிட்டத்தட்ட தண்டனை. தீவின் வடகிழக்கு மூலையிலிருந்து மேற்கு நுனிக்குப் போக வேண்டும். அவுட்ரம் பார்க்கில் மாறி, கிழக்கு மேற்குப் பாதையின் கடைசி நிலையங்கள் வரை. எனக்குத் தெரிந்து இப்படிப் போய்வரும் ஒருவர் ரயிலில் தூங்கும் கலையில் தேர்ந்துவிட்டார், நிலையத்தின் பெயரை அறிவிக்கும் முன்பே கண் திறக்கிறார்.

ஜோகூர் பாரு நான்காவது பெயராக நுழைந்ததற்குக் காரணம் சம்பந்தி வீடுதான். "இங்கேயே வாங்க, வீடு பெருசு, விலை பாதி, ரயில் வேற வருதே" என்கிறார்கள். மாப்பிள்ளை மலேசியர் என்பதால் அங்கே வீடு வாங்கத் தடையில்லை. சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் உண்மையிலேயே பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகார் வரை 4 கிலோமீட்டர், 5 நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். இரு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடலாம், இறங்கும் இடத்தில் வரிசை இல்லை. 2018-இல் கையெழுத்தாகி, 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2020-இல் மீண்டும் உயிர்பெற்ற திட்டம். 2026 இறுதியை ஒட்டிச் சேவை தொடங்கும் என்று குறித்திருக்கிறார்கள்.

ஆனால் புக்கிட் சாகாரில் இறங்கிய பிறகு?

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஜோகூர் பாரு வேகமாக வளரும் ஊர். அடுக்குமாடிகள், பேரங்காடிகள், தரவு நிலையங்கள், 2025 ஜனவரியில் கையெழுத்தான சிறப்புப் பொருளியல் மண்டலம் என்று ஊர் வீங்கிக்கொண்டே போகிறது. ஊருக்குள் ஓடும் நகர ரயில் ஒன்றுகூட இல்லை. பேருந்துகள் இருக்கின்றன, நேரத்துக்கு வருமா என்பதைச் சம்பந்தியம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார். உயர்பாலத்தில் ஓடும் போக்குவரத்துத் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள், பேச்சுக்கு டிக்கெட் எடுத்துப் பயணம் போக முடியாது. ஸ்கூடாயிலிருந்து புக்கிட் சாகார் சுமார் 15 கிலோமீட்டர். ஐந்து நிமிட ரயிலைப் பிடிக்கக் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ நெரிசலில் ஊர்ந்து வர வேண்டும். வந்து அந்த வண்டியை எங்கே விடுவது என்பது அடுத்த தலைவலி. இப்போது ஜோகூரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலத்தை விடியற்காலையில் கடக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இருட்டில் மழைக்கோட்டை மாட்டி, ஹெல்மெட்டுக்குள் கைப்பேசியைச் செருகி, புகைக்குள் அங்குலம் அங்குலமாக நகரும் ஆயிரக்கணக்கான பேர். அவர்களில் நிறைய பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். ஆர்டிஎஸ் அவர்களில் ஒரு பகுதியினரைக் காப்பாற்றும், நிலையத்தைச் சுற்றி வாடகை கொடுக்கக்கூடியவர்களை. தாமான்கள் எனும் குடியிருப்புப் பேட்டைகளில் உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு மோட்டார் சைக்கிளே விதி.

துவாஸுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு ஆர்டிஎஸ் இன்னும் பொருந்தாது. உட்லண்ட்ஸில் இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். அதற்கு துவாஸ் பக்கம் உள்ள இரண்டாவது பாலமே தேவலை. ஆக ஜோகூர் என்பது, இருவருக்கும் வேலை வடக்கில் இருந்து, புக்கிட் சாகாருக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடும் கிடைத்தால் மட்டும். இவர்களுக்கு இல்லை. சம்பந்தி வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை.

உட்லண்ட்ஸை யாருமே ஆசையோடு சொல்லவில்லை. "அங்கயா? ரொம்ப தூரமாச்சே" என்பதுதான் அக்காவின் முதல் வார்த்தை. பழைய பெயர், பழைய கட்டடம், கடற்பால நெரிசல். ஆனால் நான்கு ஊர்களில் "வரப்போகுது" என்ற சொல்லுக்கு மிகக் குறைவாகக் கடன்பட்டிருப்பது இந்த ஊர்தான். வடக்கு தெற்குப் பாதை இங்கே 1996 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதற்கு முன் குடியிருந்தவர்கள் பேருந்தில் ஈசூன் வரை போய் ரயில் பிடித்தவர்கள், காத்திருந்த தலைமுறையின் பாக்கி தீர்ந்துபோனது. 2020 ஜனவரியில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் முதல் மூன்று நிலையங்கள் திறந்ததும் இங்கேதான். ஒன்று கெட்டால் இன்னொன்று என்று இரண்டு ரயில் பாதைகள். பொங்கோலில் அது இல்லை.

அக்கா மகளுக்கு உட்லண்ட்ஸிலிருந்து தோபி காட் நேர் ரயில். முக்கால் மணி நேரம் ஆகும், ஆனால் மாறத் தேவையில்லை. தேக்காவுக்கு தாம்சன் பாதையில் ஸ்டீவன்ஸ், அங்கே மாறினால் நியூட்டன், அடுத்தது லிட்டில் இந்தியா. ஒரே மாற்றம். மாப்பிள்ளையின் கம்பெனி பஸ் உட்லண்ட்ஸில் ஆள் ஏற்றுகிறது, பொங்கோல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. (துவாஸ், ஜூரோங் தீவு வேலைக்காரர்கள் வீடு பார்க்கும் முன் எம்ஆர்டி வரைபடத்துக்குப் பதிலாகக் கம்பெனி பஸ் வழித்தடத்தைக் கேட்டு வாங்குங்கள்.) ஆர்டிஎஸ் ஓடத் தொடங்கினால் ஸ்கூடாய் பெற்றோரைப் பார்க்கப் போவது சுலபம். ஓடாவிட்டால் இப்போது போவது போல 950 பேருந்தில் எல்லையைக் கடந்து. இங்கே அந்த ரயில் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டமில்லை. தெங்காவில் அப்படி இல்லை, அங்கே முழு வாழ்க்கையும் ரயிலை அச்சாக வைத்துத் திட்டமிடப்பட்டது.

உட்லண்ட்ஸில் பார்க்க வேண்டியது ரயிலை அல்ல, குத்தகையை. கழக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான்; அதில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்துத்தான், சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியை எடுக்க விடுவார்கள். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை தாங்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கும் தொகை குறையும். பெண்ணுக்கு 30 வயது என்றால் 65 ஆண்டு வேண்டும். மார்சிலிங்கில் 1985-இல் கட்டிய புளோக்கில் அவ்வளவு இருக்காது. இன்னொரு சங்கதி: சோதனைச்சாவடி விரிவாக்கத்துக்காக 2022-இல் மார்சிலிங்கில் 9 புளோக்குகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். எல்லைக்கு ஒட்டி வாங்குபவர்கள் அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆர்டிஎஸ் பெயரைச் சொல்லி விலையை ஏற்றிக் கேட்கும் விற்பனையாளர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். கேட்டால் கேட்கட்டும்.

வேறு குடும்பத்துக்கு என் பதில் வேறாக இருக்கும். இருவருக்கும் வேலை ஜூரோங் பக்கம், வயது இருபதுகளில், பிள்ளை இன்னும் இல்லை என்றால் தெங்காவைத் தயங்காமல் சொல்வேன், முதல் கட்ட நிலையத்தின் பக்கம் இருக்கும் புளோக்காகப் பார்த்து. இருவரும் நகரத்தில் வேலை பார்த்து, வயதான அம்மாவும் கூட இருந்தால் பொங்கோல், எல்ஆர்டிக்குக் கட்டுப்படாமல் பெரிய நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், விலை கூடினாலும் சரி. இந்த இருவருக்கு உட்லண்ட்ஸ். அக்கா மகள் பாதி ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளை தெங்காவின் படத்தை இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்.

இப்போது பேச்சு உட்லண்ட்ஸில் எந்தப் பக்கம் என்பதில் நிற்கிறது. சிவ கிருஷ்ணர் கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று அக்கா மார்சிலிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அட்மிரல்ட்டி பக்கம் தொண்ணூறுகளின் இறுதியில் கட்டிய வீடுகள் பிடிக்கின்றன, குத்தகை 70 ஆண்டுக்கு மேல் மிச்சம். வரும் வாரம் வேலைநாள் ஒன்றில் காலை ஆறரைக்கு அங்கே போய், கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை மாப்பிள்ளை நடந்து பார்க்கப் போகிறார். ஏஜென்ட் காரில் கூட்டிப்போகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.